சாஸ்திரி சார் வைத்த மை

இப்போதெல்லாம் திரையிலேயே பச்சைக் கட்டம் வந்துவிடுகிறது. குடலுக்குள் குழாய் போய்க்கொண்டிருக்கும்போதே சந்தேகப்படும்படி ஏதாவது சதை தெரிந்தால், கணினி அதைச் சுற்றிக் கட்டம் கட்டி 'டிங்' என்று மணியும் அடிக்கிறது. ஓய்வு பெற்றபின் ஒருநாள் பழைய துறைக்குச் சும்மா எட்டிப் பார்க்கப் போயிருந்தேன். என்னிடம் வேலை பழகிய பிள்ளைகள் அந்தப் புது இயந்திரத்தைக் கல்யாணப் பெண்ணைக் காட்டுவதுபோலக் காட்டினார்கள். "மேடம், உங்க காலத்துல கட்டம் யாரு போட்டாங்க?" என்று ஒருத்தி கிண்டலாகக் கேட்டாள். "நாங்க மை வச்சோம்டி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இருட்டு அறையில் நின்றால், இடது தோளுக்குப் பின்னால் ஆள் நிற்கிற நினைப்பு எனக்கு இன்றைக்கும் போகவில்லை. ஏன் என்று கேட்டால் ஒரு வரியில் சொல்கிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி. மருத்துவப் படிப்பும் மேற்படிப்பும் எல்லோருக்கும் போலத்தான் எனக்கும். தூக்கம் கெட்டது, மூக்குக் கண்ணாடி கனத்தது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களை எல்லாம் ஹைதராபாத் வாரிச் சுருட்டிக்கொண்டிருந்த காலத்தில் என் வீட்டுக்காரரையும் சுருட்டியது. பெட்டி படுக்கையோடு நானும் போனேன். 'நீள்ளு' என்றால் தண்ணீர் என்பதைத் தவிர எனக்குத் தெலுங்கில் ஒன்றும் தெரியாது. பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். குடல், இரைப்பைப் புற்றுநோயை வயிற்றைத் திறக்காமல் குழாய் வழியாகவே கண்டுபிடித்து, முடிந்தால் குழாய் வழியாகவே அறுத்து எடுக்கிற துறை. அதற்குத் தலைவர் சாஸ்திரி சார்.

அவர் வருவது கேட்காது. வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார். கன்னத்தில் எப்போதும் கிராம்பு அடக்கியிருப்பார். நாம் குழாயைப் பிடித்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். திடீரென்று கிராம்பு வாசனை வரும். சரி, பின்னால் சார் வந்துவிட்டார் என்று தெரியும். இடது தோளுக்குப் பின்னால்தான் நிற்பார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. நாம் அவசரப்பட்டால் மணிக்கட்டை இரண்டு விரலால் தொடுவார். நமக்குக் கை நின்றுவிடும். குழாய் வளைவில் மாட்டிக்கொண்டால் அவரே வாங்கி, "ரா நான்னா, ரா" என்று குழந்தையைக் கூப்பிடுவதுபோலக் குடலைக் கூப்பிடுவார். வா கண்ணா, வா என்று அர்த்தம். சொன்னால் நம்பமாட்டீர்கள், குடல் வழி விடும்.

நாங்கள் சந்தேகமான இடத்தைப் பார்த்துச் சொல்லும்போது அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "உந்தா?" இருக்கிறதா? "உந்தி சார்", இருக்கிறது, என்று சொன்னால் அப்புறம்தான் குனிந்து பார்ப்பார். அது எங்களுக்குப் பரீட்சை.

அவருக்கு முகம் ஞாபகம் இருக்காது. நோயாளி இடது பக்கமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார், மேலே பச்சைத் துணி, நமக்குத் தெரிவது முதுகுதான். வராண்டாவில் பழைய நோயாளி கும்பிட்டால் சார் திருதிருவென்று விழிப்பார். அதே ஆளின் குடலுக்குள் போய்விட்டால், "அட, இவரா! இந்த வளைவு எனக்குத் தெரியுமே" என்பார். ஒவ்வொரு குடலும் ஒரு ரோடு, ரோடு மறக்காது என்பது அவர் கட்சி.

மை விஷயத்தைச் சொல்லவேண்டும். தட்டையாகப் படர்ந்திருக்கிற ஆரம்பக் கட்டியை அன்றே எடுக்க முடியாவிட்டால், அடுத்தமுறை கண்டுபிடிக்க அடையாளம் வேண்டும். படம் வரைகிற கறுப்பு மையைக் கோட்டி பஜாரில் ஒரு ஸ்டேஷனரி கடையில் வாங்கி, கொதிநீராவியில் கிருமி நீக்கி, மெல்லிய ஊசியால் குடலின் தோலுக்கு அடியில் ஏற்றுவோம். பச்சை குத்துவதுதான், வேறில்லை. குத்தினால் ஆயுசுக்கும் போகாது. மற்றவர்கள் ஏதோ ஓரிடத்தில் குத்துவார்கள். சார் மூன்று புள்ளி வைப்பார், அடுப்புக் கல் மாதிரி முக்கோணமாக, கட்டியிலிருந்து சரியாக ஒரு விரல் தள்ளி. கட்டிக்கு அடியிலே மை போனால் சதை ஒட்டிக்கொள்ளும், பிறகு அறுக்க வராது என்பதால் அந்த ஒரு விரல். அதில் அவர் தவறி நான் பார்த்ததில்லை. "நான் போய்விடுவேன், இது இருக்கும்" என்று தெலுங்கில் சொல்லி ஊசியை இழுப்பார். எங்களுக்கு அது அவருடைய கையெழுத்து.

ஒருநாள் காலை பக்கத்து அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். திரையில், இடது மேல் வளைவுக்குச் சற்று முன்னால், மண்ணீரலின் நீல நிழல் தெரிகிற இடத்தில், கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு வெளிறிய படர்வு. அதன் பக்கத்தில் அப்போதுதான் வைத்த மூன்று புள்ளி. "இதைக் கிள்ளிப் பார்க்கக்கூடாது, முழுசாக எடுக்கணும்" என்றார். பெயர் முருகேசன், மௌலா அலி பக்கம் மத்திய அரசு ஆலை ஒன்றில் வேலை, ஆபீஸ் மருத்துவ அட்டை. ஆலையின் அனுமதி வந்ததும் எடுப்பதென்று முடிவானது. நானும் பார்த்தேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அனுமதி வந்தது. ஆள் வந்தார், அட்டையில் போட்டோவும் சரியாக இருந்தது. மயக்கம் கொடுத்து, விளக்கை அணைத்து, நான்தான் குழாயைச் செலுத்தினேன். கிராம்பு வாசனை வந்தது. நீல நிழல் வந்தது. வளைவும் வந்தது.

"உந்தா?" என்றார் சார்.

நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பளிங்குபோலச் சுத்தமான குடல். படர்வும் இல்லை, மையும் இல்லை.

"லேது சார்" என்றேன். இல்லை.

கட்டி சிலசமயம் ஏமாற்றும், மடிப்பில் ஒளியும். மை ஒளியாது. சார் குழாயை வாங்கினார். உள்ளே போனார், வந்தார், மறுபடி போனார். "ரா நான்னா" என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கடைசியில் குழாயை வெளியே எடுத்துவிட்டு, "இதி ஆ மனிஷி காது" என்றார். இது அந்த ஆள் இல்லை.

முருகேசன் கண் விழித்ததும் நானே தமிழில் கேட்டேன். "போன தடவ வந்தது நீங்கதானா?"

"ஆமா டாக்டரம்மா, நாந்தான் வந்தேன். வேற யாரு வருவா?" என்றார், கண்ணைப் பார்த்து.

மை வைத்த நாளில் வந்த மற்ற நோயாளிகளை எல்லாம் கூப்பிட்டுச் சரிபார்த்தோம். ஒருவர் படம் இன்னொருவர் பெயருக்கு மாறவில்லை; அச்சான படமோ மங்கல், அதிலிருந்த புள்ளிகளை நிர்வாகம் அழுக்கு என்று தள்ளிவிட்டது. அப்புறம் நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. நிர்வாகத்திலிருந்து டை கட்டிய ஒரு பையன் வந்து, கூட்ட அறையில் எல்லோர் முன்னாலும், "சார், ஒருமுறை கண் பரிசோதனை செய்துகொள்ளுங்களேன்" என்றான். என் வாதத்தையும் காதில் வாங்கவில்லை. தலைவர் பார்த்ததாகச் சொன்னதால் நானும் பார்த்ததாக நினைத்துக்கொண்டேனாம்! சார் போய்க் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டார். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

அதன்பிறகு அவர் "உந்தா?" என்று கேட்டால் அது பரீட்சையாக இல்லை. நிஜமாகவே கேட்டார். திரையில் பட்டப்பகல்போலத் தெரிகிற கட்டியைக் காட்டி, "உந்தா அம்மா?" என்று என்னிடம் கேட்பார். "உந்தி சார், உந்தி" என்று சொல்லும்போது எனக்கு அழுகை முட்டும்.

ஒருநாள் அவர் காரில் சேர்ந்து வந்தோம். அமீர்பேட்டில் வண்டி நகரவில்லை. இருபுறமும் கம்ப்யூட்டர் வகுப்பு விளம்பரங்கள், பை மாட்டிய பிள்ளைகள், ஹாஸ்டல் சந்துகள். சார் ஜன்னல் வழியே கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகங்களைப் பார்க்கவில்லை என்று கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. ஒவ்வொருவர் வயிற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "என் மையை யாரோ சுமந்துகொண்டு இந்த ஊரில் நடக்கிறார்கள் அம்மா. அவர்களுக்கே தெரியாது" என்றார். கார்க் கதவைத் திறந்து இறங்கிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. பாவி, நான்கூட அன்றைக்கு அவருக்குப் புத்தி தடுமாறுகிறதோ என்று பயந்தேன்.

போலாரத்தில் அவருடைய பழைய வீட்டில் ஒரு மதியத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் எங்கள் இருட்டு அறையில் அவர் எப்போதாவது உட்காருகிற உயரமான ஸ்டூல் அப்படியே இருந்தது. யாரும் உட்காரவில்லை, எடுத்துப் போடவும் இல்லை. எங்கள் டெக்னீஷியன் சலீம் பாய் தினமும் அதையும் துடைப்பார்.

வருஷங்கள் போயின. தலைமை என் தலையில் விழுந்தது. அப்போது ஒருவர் வந்தார், செல்லையா என்று பெயர். கோவில்பட்டிப் பக்கம், அமீர்பேட்டில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறவர். எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். மலத்தில் ரத்தம், முகம் வெளுத்திருந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து இதயம் பலவீனம். மனைவி கூட வந்திருந்தார்.

"இந்த டெஸ்ட் இதுக்கு முன்னாடி எடுத்திருக்கீங்களா அண்ணாச்சி?"

"இல்ல டாக்டரம்மா. இந்த ஆஸ்பத்திரி வாசலையே இன்னைக்குத்தான் மிதிக்கேன்" என்றார்.

காலை வேளைதான். ஆனால் எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது, விளக்கை அணைத்தால் திரை வெளிச்சம் மட்டும்தான். குழாய் போய்க்கொண்டிருந்தது. ஒரு வளைவில் கை தானாக மெதுவானது. எங்கோ பார்த்த ரோடு. மண்ணீரலின் நீல நிழல் வந்தது. அதை ஒட்டி, செத்துப்போனவர் எழுந்துவந்து வைத்ததுபோல, மூன்று கறுப்புப் புள்ளிகள்.

உறிஞ்சுகுழாய் மட்டும் களகளவென்றது. சலீம் பாய் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். "மேடம், ஏ தோ படே சாப் கா ஹை" என்றார் கிசுகிசுப்பாக. இது பெரிய சாருடையது.

"நக்கோ பாய், வேண்டாம், சும்மா இருங்க" என்றேன். நாற்பது ஐம்பது மை வைத்த குடலாவது பார்த்திருப்பேன், இந்த முக்கோணத்தை வேறு யாரும் வைத்ததில்லை. ஆனால் இந்த ஆள் இங்கே வந்ததே இல்லை என்கிறார். வைத்தவர் உயிரோடு இல்லை. ஒருவர் வயிற்றிலிருந்து காணாமல் போன மை இன்னொருவர் வயிற்றுக்கு எப்படி வரும்?

அப்போதுதான் படுக்கையிலிருந்து குரல் வந்தது. நாங்கள் கொடுக்கிற மயக்கத்தில் ஆள் பாதி விழிப்பில் இருப்பார், ஏதாவது உளறுவார், எழுந்தபின் தான் உளறியது நினைவிருக்காது. அண்ணாச்சி சுவரைப் பார்த்துக்கொண்டே, தெளிவாகக் கேட்டார்.

"போன தடவ ஒரு பெரியவுக பேசிக்கிட்டே போனாகளே... ரா நானா, ரான்னு... இன்னைக்கு அவுக வரலையா?"

சலீம் பாய் "யா அல்லா" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். அந்தக் காலி ஸ்டூல் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. படம் மட்டும் எடுத்துக்கொண்டு குழாயை வெளியே இழுத்தேன்.

அவர் தெளிந்து எழுந்து காப்பி குடித்ததும் உட்காரவைத்துக் கேட்டேன். மறுபடியும் "வந்ததே இல்ல டாக்டரம்மா" என்றார். நான் மெதுவாக, "ரா நான்னா, ரா" என்றேன். அண்ணாச்சி முகம் செத்துவிட்டது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

விஷயம் இவ்வளவுதான். முருகேசன் அவருடைய கூடப்பிறந்த தம்பி. அண்ணனுக்கு முதலில் ரத்தம் போனபோது தம்பி தன் ஆபீஸ் அட்டையைக் கொடுத்து, தன் பெயரிலேயே அனுப்பியிருக்கிறார். அப்போது போட்டோ இல்லாத அட்டை. அடுத்தமுறைக்குள் போட்டோ ஒட்டிய புது அட்டை வந்துவிட்டது. அண்ணன் வந்தால் குட்டு உடையும், தம்பிக்கு வேலை போகும். வராவிட்டால் ஆலையிலிருந்து ஏன் என்று கேட்பார்கள். அதனால் தம்பியே வந்து படுத்துக்கொண்டார், ஒன்றும் இல்லையென்று எழுதட்டும், பேச்சு முடியட்டும் என்று. அண்ணன் வேறெங்காவது காட்டிக்கொள்வதாக ஏற்பாடு.

"காட்டினீங்களா?"

"எங்க டாக்டரம்மா? மெஸ்ஸ விட்டுட்டு எங்க போக? ரத்தமும் நின்னுட்டு. அதான் பேப்பர்ல கிளியர்னு வந்துட்டே, பெரிய டாக்டரே ரெண்டு தடவ பாத்தாகன்னு தம்பி சொன்னான்..."

"எந்த வயித்துக்குய்யா கிளியர்?" என்று கத்திவிட்டேன். "தம்பி வயித்துல பாத்தா உம்ம வயித்துக்கு எப்படிக் கிளியர் ஆகும்?" அந்த மனுஷன் தலை குனிந்தார். அந்த இரண்டு படித்த, பயந்த, அன்பான முட்டாள்களுக்காக சாஸ்திரி சார் தன் கண்ணையே நம்பாமல் செத்துப்போனார் என்று நினைத்தபோது எனக்கு அவர்களை அறையவேண்டும் போலிருந்தது. ஆனால் உட்கார்ந்து திட்ட நேரம் இல்லை. அந்தப் படர்வு இப்போது மூன்று மடங்காகியிருந்தது.

வயிற்றைத் திறந்து குடலை வெட்டி எடுப்பது ஒரு வழி. இதயத்தைப் பார்த்துவிட்டு மயக்க டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். மேஜையிலேயே போய்விடலாம் என்றார். இன்னொரு வழி, குழாய்க் கத்தியால் மேல்தோலோடு உரித்து எடுப்பது. கட்டி ஆழமாக இறங்கியிருந்தால் அது வீண்வேலை, ஆபத்தும்கூட. இறங்கியிருக்கிறதா என்று அறிய ஒரு முறை உண்டு. கட்டிக்கு அடியில் ஊசியால் திரவம் ஏற்றுவோம். கட்டி பூரிபோல எழும்பினால் அது மேலேயே இருக்கிறது. ஓரிடத்தில் எழும்பாமல் பிடித்துக்கொண்டால், அங்கே வேர் இறங்கிவிட்டது.

ஏற்றினேன். மூன்று பக்கம் அழகாக எழும்பியது. நான்காவது பக்கம் எழும்பவில்லை. அந்தப் பக்கத்தில்தான் கட்டியின் ஓரம் ஒரு கறுப்புப் புள்ளியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பிடித்திருப்பது புற்றா, மையா? இதுதான் கேள்வி. மை பட்ட இடத்தில் சதை ஒட்டும். சார் ஒரு விரல் தள்ளித்தான் வைத்திருந்தார், நான் அன்றே பார்த்தேன். அப்படியானால் கட்டிதான் வளர்ந்து மையை எட்டியிருக்கிறது, ஒட்டவைத்தது மை. அவர் கண் தவறியது என்று நிர்வாகம் சொன்னதை நம்பினால், எதுவும் சொல்ல முடியாது, குழாயை எடுத்துவிட வேண்டியதுதான். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சாரின் ஒரு விரலை நம்பினேன்.

"கத்தி" என்றேன்.

கட்டிக்கு வெளியே சுற்றிலும் பொட்டுப்பொட்டாகச் சுட்டுக் கோடு போட்டு, கீறி, அடியில் நுழைந்தேன். சாதாரணமாக அந்த அடுக்கு, நாம் ஏற்றுகிற நீலத் திரவத்தில் மேகம்போலத் தெளிவாக இருக்கும். மைக்குக் கீழே போனதும் எல்லாம் கறுப்பு. ரத்தக்குழாய் எது, தசை எது என்று தெரியவில்லை. கொஞ்சம் ஆழம் போனால் குடலில் ஓட்டை. ஒரு இழை அறுப்பேன், தண்ணீர் அடிப்பேன், பார்ப்பேன். அப்புறம் அடுத்த இழை. ஒரு கட்டத்தில் வேகம் எடுத்தேன் போலிருக்கிறது. மணிக்கட்டில் யாரோ இரண்டு விரலால் தொட்டதுபோல இருந்தது. நின்றேன். நுனிக்கு நேரே, கறுப்புக்குள், தடித்த ரத்தக்குழாய் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அதை முதலில் சுட்டு அடைத்துவிட்டு மேலே போனேன். சலீம் பாயிடம் அப்புறம் கேட்டேன், என் கையைத் தொட்டீரா என்று. "இல்ல மேடம், நான் அந்தப் பக்கம் நின்னேன்" என்றார். களைப்பாக இருக்கும். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

முழுசாக ஒரே துண்டாக வந்தது. தெர்மோகோல் அட்டையில் விரித்து ஊசி குத்தி ஆய்வகத்துக்கு அனுப்பினோம், ஓரத்தில் சாரின் ஒரு புள்ளியோடு. ஆரம்பநிலைப் புற்று, மேலடுக்கோடு நின்றிருக்கிறது, விளிம்பு சுத்தம், கீழே பிடித்திருந்தது மைத் தழும்பு என்று முடிவு வந்தது. அதைக் கேட்டு நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

முருகேசனைக் கூப்பிட்டு, நீயாகப் போய் ஆபீசில் சொல்லிவிடு, இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். போய்ச் சொன்னார். வேலை போகவில்லை, பதவி உயர்வு போனது. டை கட்டிய பையன் அதற்குள் பெரிய அதிகாரி ஆகியிருந்தான். அதே கூட்ட அறையில், அதே ஆட்களை உட்காரவைத்து, பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். "இது அந்த ஆள் இல்லைன்னு அவர் அன்னைக்கே சொன்னார்" என்றேன். ஒருத்தரும் நிமிரவில்லை.

அண்ணாச்சி வருஷாவருஷம் தவறாமல் வந்தார், இப்போது சொந்தப் பெயரில். வரும்போது எங்கள் எல்லோருக்கும் மெஸ்ஸிலிருந்து சீடை வரும். நான் ஓய்வு பெறுகிற வாரத்திலும் வந்தார். என்னுடைய கடைசிக் குழாய் அவருக்குத்தான் என்று நானே வைத்துக்கொண்டேன்.

விளக்கை அணைத்தார்கள். நீல நிழல் வந்தது. வெள்ளைத் தழும்பு, சுத்தமாக இருந்தது. அதன் அந்தப் பக்கம் மீதி இரண்டு புள்ளிகள், வைத்த நாளில் இருந்ததுபோலவே. சலீம் பாய் வழக்கம்போல நெற்றிக்குக் கை உயர்த்தினார். இலேசாகக் கிராம்பு வாசனை வந்ததா, நானே நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை.

படுக்கையில் அண்ணாச்சி அசைந்தார். மயக்கத்தில்தான் இருந்தார்.

"பெரியவுக கேக்காகல்ல டாக்டரம்மா" என்றார் சுவரைப் பார்த்தபடி. "பதில் சொல்லுங்க."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"உந்தி சார்" என்றேன், அறைக்கே கேட்கும்படி.